முடி சூடாத ஆணை
குந்தவைப் பிராட்டியாரும் திருமலை ஜினாலயமும்

ஜவ்வாது மலைத்தொடருக்குக் கிழக்கே, போளூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட மருத நிலத்தில், தனித்து நிமிர்ந்து நிற்கும் குன்று திருமலை. நம் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் அக்குன்றை வலம் வராதவர் அரியர். பாறையிலேயே வடிக்கப்பெற்று 16 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நேமிநாதப் பகவானைச் சிகாமணிநாதர் என்று அழைத்து வணங்கி இறங்குகின்றோம். அடிவாரத்தில் உள்ள ஆலயங்களையும், குகைகளில் எஞ்சியிருக்கும் சமவசரண ஓவியத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றோம். அவ்விடத்தே நம் நாவில் தவறாமல் வரும் ஒரு பெயர் உண்டு. அது குந்தவை ஜினாலயம் என்னும் பெயர்.

ஆயிரம் ஆண்டுகளாக அழியாத அப்பெயருக்கு உரியவர் யார்? அவர் அரியணை ஏறியவர் அல்லர். ஆளும் மன்னனுக்குப் பட்டத்தரசியாக இருந்தவரும் அல்லர். படை நடத்தியதாகவோ, நாடு வென்றதாகவோ ஒரு கல்வெட்டும் அவரைக் கூறவில்லை. ஆயினும் அக்காலத்துச் சோழப் பேரரசில் மன்னனுக்கு அடுத்தபடியாக வைத்து எழுதப்பெற்ற பெயர் அவருடையதே. வாளும் முடியும் இல்லாத ஒருவருக்கு அத்தகைய ஆணை எங்கிருந்து வந்தது? அரசின் அதிகாரம் என்பதுதான் யாது? இவ்விரு வினாக்களையும் உடன் கொண்டு பிராட்டியாரின் வாழ்வை நோக்குவோமாக.

பிறந்த குடியும் காலமும்

குந்தவைப் பிராட்டியார் இரண்டாம் பராந்தகன் ஆகிய சுந்தர சோழரின் மகளார். தாயார் வானவன்மாதேவியார், திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்ட மலையமான் குடியில் தோன்றியவர். ஜவ்வாது மலைக்குத் தெற்கே பெண்ணையாற்றங்கரையில் பரந்து கிடந்த மலாடே அக்குடியினரின் நாடு. ஆதலின் நம் மலைப்பகுதிக்கும் பிராட்டியாருக்கும் உள்ள உறவு தாய்வழியிலேயே தொடங்கிவிடுகின்றது எனலாம். ஆதித்த கரிகாலரும், பின்னர் முதலாம் இராஜராஜன் எனப் புகழ்பெற்ற அருண்மொழியும் அவருடைய உடன்பிறந்தோர். அருண்மொழிக்கு அவர் தமக்கையார்.

இங்கே வாசகர்கள் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். சோழர் குடியில் குந்தவை என்னும் பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. இராஜராஜனின் மகளும் அப்பெயர் பூண்டு, வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தார். நாம் கூறவந்தது அத்தையாரைப் பற்றியேயாம். அவர் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று தஞ்சைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அமரர் கல்கி அவர்களின் பொன்னியின் செல்வன் வாயிலாக அவ்விருவரையும் தமிழகத்தின் வீடுதோறும் அறிவர். கதையில் வரும் இளைய பிராட்டியின் சூழ்ச்சித் திறனும் சொல்வன்மையும் ஆசிரியரின் கற்பனை வளம். கல்லில் காணும் பிராட்டியாரோ அக்கற்பனைக்குச் சிறிதும் குறையாதவர்.

அவர் பிறந்த காலம் சோழர்க்கு நல்ல காலமன்று. கி.பி. 949இல் தக்கோலப் போரில் இளவரசர் இராஜாதித்தர் யானைமேலிருந்தே மாண்டார். தொண்டை மண்டலம் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கைப்பட்டது. கி.பி. 959இல் அம்மன்னன் இன்றைய வேலூர்ப் பகுதியிலுள்ள மேல்பாடியில் பாசறை அமைத்துத் தங்கி, வென்ற நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பகிர்ந்தளித்துக்கொண்டிருந்தான். சமண அறிஞர் சோமதேவசூரி தம் யசஸ்திலகம் என்னும் வடமொழிக் காவியத்தை முடித்ததும் அவ்வாண்டிலேயாம்.

அவ்வறிஞரே இயற்றிய நீதிவாக்கியாமிர்தம் என்னும் அரசியல் நூல் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. துறவியாகிய ஆசிரியர் நூலின் தொடக்கத்தில் அரசையே வணங்குகின்றார். ஆனால் அரசை அதன் படைக்காகவோ செல்வத்துக்காகவோ வணங்கவில்லை. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்று பயன்களையும் தருவது என்பதற்காகவே வணங்குகின்றார். மரத்தை அதன் கனியால் அறிவது போன்று அரசையும் அது மக்களுக்குத் தரும் பயனால் அறிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. இந்த அளவுகோல் நம் கையில் இருக்கட்டும். பிராட்டியாரின் வாழ்வை இதனாலேயே அளந்து பார்ப்போம்.

இழப்புகளின் நடுவே

சுந்தர சோழர் காலத்தில் தொண்டை மண்டலம் சிறிது சிறிதாக மீண்டது. ஆனால் அரச குடும்பத்தில் துயரம் புகுந்தது. ஆதித்த கரிகாலர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். காஞ்சிப் பொன்மாளிகையில் சுந்தர சோழர் உயிர் நீத்தார். அதனால் அவர் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்டார். பால் மணம் மாறாத குழவியையும் விட்டுக் கணவருடன் வானவன்மாதேவியார் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு ஒன்று உருக்கமாகக் கூறுகின்றது. இவ்வாறு உடன்பிறந்தார், தந்தையார், தாயார் ஆகிய மூவரையும் இழந்து நின்றவர் பிராட்டியார்.

அடுத்து எழுந்தது அரியணை யாருக்கு என்னும் வினா. குடிமக்கள் அருண்மொழியை விரும்பினர் என்றும், சிறிய தந்தை முறையினரான உத்தம சோழர் ஆட்சியை விரும்பும் வரையில் தாம் அதனை மனத்தாலும் நாடுவதில்லை என்று அருண்மொழி ஒதுங்கி நின்றார் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு தெரிவிக்கின்றது. செப்பேட்டின் புகழ்மொழிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் நிகழ்ந்தது தெளிவு. உடன்பிறந்தார் கொலையுண்ட குடும்பம், படையும் ஆதரவும் இருந்தும், உள்நாட்டுப் போரைத் தொடங்கவில்லை. கி.பி. 985 வரையில், ஏறத்தாழ 15 ஆண்டுகள், பொறுத்திருந்தது. அதிகாரத்தின் முதற்பாடம் இதுவென்றே நமக்குத் தோன்றுகின்றது. பறிக்க இயன்றபோதும் பறியாமல் இருப்பவனிடத்தே மக்கள் விரும்பி ஒப்படைப்பது ஒன்று உண்டு. அது வாளால் பெறுவதினும் உறுதியானது.

முடி சூடிய பின்னும் அக்கட்டுப்பாடு முற்றும் நீங்கவில்லை. உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் பகையாளியாக நடத்தப்படவில்லை. கோயில்களின் நிலையை ஆராயும் உயர்ந்த பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. உத்தமரின் தாயார் செம்பியன்மாதேவியாரும் கோயில் திருப்பணிகளை முன்போலவே நடத்தி வந்தார். கொலைக்குற்றத்தில் தொடர்புடையோரின் நிலங்கள் மட்டும் பறிமுதலாயின. அதனைக் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில், ஊர்ச்சபைக்கு அனுப்பிய ஓலையாகப் பதிவு செய்துள்ளது. அத்தண்டம் குற்றவாளிகளின் உறவினரையும் தொட்டது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அரசு என்பது கடுமையும் உடையதே. ஆயினும் அக்கடுமையும் எழுத்து வழியாகவும் சபை வழியாகவும் நடந்தது என்பது கருதத்தக்கது.

பெயர் நின்ற வரிசை

இராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010 அளவில், தஞ்சை அரண்மனையின் திருமஞ்சனசாலையில் இருந்தபடி மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவை, தன் தமக்கையார் கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் திருவிமானக் கல்லிலே வெட்டுக என்பதே அது. இவ்வரிசையை நிதானித்து நோக்குதல் வேண்டும். மன்னனுக்கு அடுத்தபடி தமக்கையார். அவருக்குப் பின்னரே பட்டத்தரசியர். அரண்மனை வழக்கில் இருக்கை வரிசையும் பெயர் வரிசையும் வெறும் சடங்கல்ல. யாருடைய சொல் எடைமிக்கது என்பதை நாட்டுக்கு அறிவிக்கும் முறை அது.

அந்த இடத்தைப் பெற்ற பிராட்டியார் அதனைக் கொண்டு செய்தது யாது? பெரிய கோயிலில் அம்மையின் திருமேனிகளை எழுந்தருளச் செய்தார். தம் தந்தையாருக்கும் தாயாருக்கும் படிமங்கள் அமைத்தார். பொன்னும் மணியும் கலங்களும் வழங்கினார். வழங்கிய முறைதான் சிறப்பு. பொன் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டன. ஓர் அணியில் எத்தனை முத்து, எத்தனை வைரம், அவற்றுள் குறையுடையவை எவை என்பது வரையில் எண்ணிக் கல்லில் எழுதினர். மன்னனின் தமக்கை கொடுத்தது என்பதற்காக எடை போடாமல் ஏற்கவில்லை. எடை போடுவதைப் பிராட்டியாரும் இழுக்காகக் கருதவில்லை.

காசாகக் கொடுத்தவற்றை அவர் ஊர்ச்சபைகளிடம் முதலாக வைத்தார். ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்வட்டி காசாகவோ நெல்லாகவோ கோயிலுக்கு வரும். அதிலிருந்து அமுதும் விளக்கும் விழாவும் நடைபெறும். முதலைக் கோயிலும் செலவழிக்க இயலாது. ஊரும் விழுங்க இயலாது. கொடுத்தவரும் மீட்க இயலாது. சந்திர சூரியர் உள்ளளவும் என்னும் எல்லை கல்லில் பொறிக்கப்பட்டது.

இதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். அதிகாரம் உடையவர் பலர், தாம் நினைத்தபோது கொடுக்கவும் நினைத்தபோது பறிக்கவும் இயலும் என்பதிலேயே தம் பெருமை அடங்கியிருப்பதாகக் கருதுகின்றனர். பிராட்டியாரோ கொடுத்ததைத் தாமே திரும்பத் தொட இயலாதபடி தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார். கணக்கை எல்லோரும் படிக்கும்படி வெளியில் வைத்தார். நடத்தும் பொறுப்பை ஊராரிடம் விட்டார். தன்னைத் தானே வரையறுத்துக்கொண்ட அதிகாரமே பிறர் நம்பும் ஆணையாகின்றது. இல்லறத்தார்க்கு நம் ஆகமங்கள் கூறும் பரிமித பரிக்கிரகம் என்னும் அணுவிரதம் பொருளுக்கு அளவு வகுப்பது. அவ்வளவைப் பதவிக்கும் வகுக்க இயலும் என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்று ஆலயங்கள்

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அக்காலத்தில் இராஜராஜபுரம் எனப்பட்டது. அங்கே பிராட்டியார் மூன்று ஆலயங்களை எடுப்பித்தார். சிவபெருமானுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம். திருமாலுக்குக் குந்தவை விண்ணகர். அருகப் பெருமானுக்குக் குந்தவை ஜினாலயம். மூன்றுக்கும் பொன்னும் வெள்ளியும் முத்தும் அளித்ததைக் கல்வெட்டு ஒருங்கே கூறுகின்றது. சிவாலயமும் விண்ணகரும் இன்றும் உள்ளன. அங்கிருந்த ஜினாலயம் அழிந்துபட்டது. அப்பெயரைத் தாங்கி நிலைத்தது திருமலையே.

நம்மவருள் சிலர் பிராட்டியாரைச் சமணர் என்றே கூறி மகிழ்வதுண்டு. அவ்வாறு உரிமை கொண்டாடுவதால் அவர் பெருமை குறையுமேயன்றி வளராது. தஞ்சையில் அவர் செய்த பணிகளைக் கண்டால் அவருடைய சைவப் பற்று ஐயத்துக்கு இடமின்றி விளங்கும். தம் சமயத்தார்க்கு ஆலயம் எடுப்பது பக்தி. தம் சமயம் அல்லாதார்க்கும் தம் பெயரிலேயே ஆலயம் எடுப்பது அரசியல் அறம். ஆளப்படும் மக்கள் அனைவரும் தம்மவரே என்று ஏற்காத ஒருவரால் அதனைச் செய்ய இயலாது.

இதில் அரசியல் நோக்கமும் உண்டு என்பதை நாம் மறுக்க வேண்டுவதில்லை. தொண்டை மண்டலத்தின் மேற்கெல்லையில் ஜவ்வாது மலை ஓர் அரண்போல் கிடக்கின்றது. அதற்கு அப்பால் கங்கரும் நுளம்பரும் ஆண்டனர். செங்கம் வட்டாரத்தில் நிற்கும் நடுகற்கள், தொறுப்பூசலில் ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களைக் காட்டுகின்றன. அவ்வெல்லை நிலத்தில் அரசு என்பது பல காலம் எளிய உழவனுக்கு இறப்பின் வடிவாகவே வந்தது என்பதற்கு அக்கற்களே சாட்சி. கங்கரும் இராட்டிரகூடரும் சமணத்தை ஆதரித்தவர்கள். கங்க அமைச்சர் சாவுண்டராயர் சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரரை எழுப்பியது பிராட்டியாரின் காலத்திலேதான். அத்தகைய எல்லையில் வாழ்ந்த சிராவகர்களின் உள்ளத்தைப் புதிய ஆட்சி எவ்வாறு பெறுவது? படையை நிறுத்தலாம். அல்லது அவர்கள் வணங்குவதைத் தானும் போற்றலாம். பிராட்டியாரின் பெயர் இரண்டாவது வழியில் நிற்கின்றது. நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அளித்ததும் அவ்வழியே.

கலிங்கும் விளக்கும்

அதே 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 அளவில், திருமலையிலும் ஒரு கல்வெட்டு எழுந்தது. மன்னன் வென்ற நாடுகளை வரிசைப்படுத்தித் தொடங்கும் அது, குணவீர மாமுனிவர் கட்டிய ஒரு கலிங்கைக் கூறி முடிகின்றது. அக்கலிங்குக்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் பெரியாரின் பெயரை முனிவர் சூட்டினார். குன்றின் இருமருங்கும் நெல் விளையக் கண்டார் என்று கல்வெட்டு மகிழ்கின்றது. ஓலைச் சுவடியும் பிஞ்சமும் கமண்டலமும் அன்றி வேறு உடைமை இல்லாத திகம்பர முனிவர் ஒருவர் சொன்னதும் ஊர் திரண்டு மண் சுமந்திருக்க வேண்டும். அவரிடம் தண்டனை இல்லை, வரி இல்லை. ஆயினும் நீர் அவர் வகுத்த வழியில் ஓடியது. ஜவ்வாது மலையில் பிறந்து வரும் ஆறுகளையும் ஏரிகளையும் நம்பி வாழும் அந்நிலத்தில் மக்கள் அறிந்த முதல் ஆட்சி நீர் ஆட்சியேயாகும்.

பின்னர் வந்தது உலக வரலாற்று நூல்களிலும் இடம்பெற்ற திருமலைக் கல்வெட்டு. முதலாம் இராஜேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வனவாசி, ஈழம், ஒட்ட நாடு, கோசலம், வங்காளம் முதலாகக் கங்கை வரையில் அவன் படை வென்ற நாடுகளும், அங்கே தோற்ற மன்னர்களும் அதில் நிரல்படக் கூறப்பெறுகின்றனர். வங்கத்தின் வரலாற்றை எழுதுவோரும் இக்குன்றின் கல்லைத் தேடுவது அதனாலேயாம். ஆனால் அவ்வளவு நீண்ட வெற்றி வரிசை எதற்காக வெட்டப்பட்டது? பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை என்னும் சிராவகி, பங்களநாட்டு முகைநாட்டிலுள்ள வைகாவூர்த் திருமலையில், குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு விளக்கும் திருவமுதும் அளித்தார் என்பதைப் பதிவு செய்வதற்காகத்தான்.

கங்கை கொண்ட வெற்றி அக்கல்லில் காலத்தைக் குறிக்கும் முகவுரையாக நிற்கின்றது. செய்தியாக நிற்பது ஒரு வணிகர் மனைவியின் விளக்கு. வைகாவூர் பள்ளிச்சந்தம், அதாவது வரிநீக்கிப் பள்ளிக்கு விடப்பட்ட நிலம், என்பதும் அதனால் உறுதிப்படுகின்றது. பேரரசின் பெயர் அந்த விளக்கைக் காக்கும் காவலாக அமைந்தது. அரசு இருப்பதன் பொருள் இதுவன்றி வேறில்லை என்று கூறலாம்.

அதே அரியணையின் மறுபக்கம்

இவ்வளவும் கூறியபின் நாம் காணாதது போல் கடந்து செல்லக்கூடாத செய்தி ஒன்று உண்டு. தஞ்சையில் நிறுத்த பொன்னில் சேரரையும் பாண்டியரையும் வென்று கொணர்ந்த பண்டாரமும் அடங்கும் என்று கல்வெட்டே கூறுகின்றது. கி.பி. 1007இல் பொறித்த ஹொட்டூர்க் கல்வெட்டு, சாளுக்கிய நாட்டில் புகுந்த சோழப்படை பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றது எனப் புலம்புகின்றது. பகைவர் எழுதியது என்று சிறிது தள்ளுபடி செய்தாலும் அதில் உள்ள கண்ணீர் பொய்யாகாது. பிராட்டியாரின் காலத்துக்குப் பின்னர், கர்நாடகத்தின் பெள்வொல நாட்டில், கங்கப் பெருமாடி எழுப்பிய ஜினாலயங்களைச் சோழ மன்னன் எரித்தான் என்று கி.பி. 1071-72ஆம் ஆண்டைச் சேர்ந்த கவரவாடக் கல்வெட்டு கூறுகின்றது.

திருமலையில் ஜினாலயத்துக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதே குடியின் படை பிறிதோரிடத்தில் ஜினாலயத்துக்குத் தீ வைத்தது. இவ்விரண்டும் ஒரே அரியணையின் செயல்கள். அதிகாரத்தின் இயல்பு இதனால் விளங்கும். அதற்குத் தனக்கென ஒரு சமயமும் இல்லை. தனக்கென ஓர் அறமும் இல்லை. நெருப்பைப் போன்றது அது. அகலில் இட்டால் விளக்கு. கூரையில் இட்டால் கேடு. அகலாக அமைபவர் யார் என்பதே எக்காலத்தும் வினா. சோழ அரசில் ஒரு தலைமுறைக் காலம் அகலாக அமைந்தவருள் தலையாயவர் குந்தவைப் பிராட்டியார்.

முதுமையும் பின் வந்தோரும்

இராஜராஜனுக்குப் பின்னரும் பிராட்டியார் வாழ்ந்தார். மருமகன் இராஜேந்திரனின் தொடக்க ஆண்டுகளில் பழையாறை அரண்மனையில் அவர் இருந்ததை அறிகின்றோம். அக்காலத்தில் அவர் செய்த ஏற்பாடு ஒன்று நம் உள்ளத்தைத் தொடுவது. தஞ்சையில் தம் தந்தையார் பெயரால் விளங்கிய சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு, அதாவது பிணியாளர் மருத்துவமனைக்கு, மருத்துவர் வாழ்வுக்கென நிலம் அளித்தார். மன்னன் உயிருடன் உள்ளவரையில் மருத்துவம் நடக்கும் என்று அவர் விட்டுவிடவில்லை. யார் ஆண்டாலும் மருத்துவர்க்கு நெல் வரும்படி நிலத்தையே பொறுப்பாக்கினார். அன்னதானம், ஒளடத தானம், சாத்திர தானம், அபயதானம் எனத் தானம் நான்கு என்று போற்றும் நமக்கு இதன் அருமையைக் கூற வேண்டுவதில்லை.

அவர் மறைந்தார். 13ஆம் நூற்றாண்டில் சோழப் பேரரசும் மறைந்தது. ஆனால் திருமலையின் கதை நிற்கவில்லை. அப்பேரரசு சரியத் தொடங்கிய நாளில், தகடூர் அதியமான் குடியைச் சேர்ந்த விடுகாதழகிய பெருமாள், முன்பு எழினி என்னும் சேரர் குடி மன்னன் செய்து வைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் பழுது நீக்கி மலைமேல் எழுந்தருளுவித்தான். சேகண்டி ஒன்று அளித்து, வாய்க்காலும் வெட்டினான். 14ஆம் நூற்றாண்டில் இராஜநாராயண சம்புவராயர் காலத்தில், பொன்னூரைச் சேர்ந்த நல்லாத்தாள் என்னும் அம்மையார் அங்கே ஜினபிம்பம் எழுந்தருளச் செய்தார். சேரர், சோழர், அதியமான், சம்புவராயர் என ஆண்டோர் மாறினர். ஒருவர் அளித்த வாக்கை அடுத்தவர் தம் வாக்காக ஏற்றனர். எழினியின் உருவத்தைப் பழுது பார்த்த மன்னன் அதில் எழினியின் பெயரை அழிக்கவில்லை. ஆட்சி மாறியும் வாக்கு மாறாமல் இருப்பதையே நாம் அரசு என்கின்றோம். வாக்கு மாறினால் எஞ்சுவது ஆட்களின் ஆட்டமேயாகும்.

நமக்குரியது

கி.பி. 1950இல் நம் நாடு குடியரசாயிற்று. முடி மன்னர் கையில் இருந்த ஆணை அரசியல் சட்டத்தின் வழியே குடிகளின் கைக்கு வந்தது. இன்று ஊராட்சி மன்றத்திலும், பள்ளிக் குழுவிலும், நம் ஜினாலயங்களின் அறங்காவலர் குழுவிலும் நம்மவர் பலர் பொறுப்பு ஏற்கின்றனர். 1998இல் திருமலையில் அரஹந்தகிரி மடம் நிறுவப்பெற்ற பின்னர் அக்குன்றுக்கு வரும் அன்பர் கூட்டமும் பெருகியுள்ளது. நாம் தொகையில் சிறிய சமுதாயம். பெரிய அதிகாரங்கள் நம்மைத் தேடி வருவது அரிது. ஆனால் சிறிய அதிகாரமும் பெரிய அதிகாரமும் இயல்பால் ஒன்றே. ஓர் ஊர்க் கோயிலின் சாவியும் நெருப்பே. அதனை ஏந்துபவர் அகலாகின்றாரா என்பதே அங்கும் வினா.

கொடுத்ததை எடை போட்டுக் கல்லில் எழுதச் செய்த பிராட்டியாரின் பெயரை வணங்கும் நாம், ஆலயக் கணக்கை ஆண்டுதோறும் ஊர் நடுவே படிப்பதற்குத் தயங்கலாகாது. தமக்கு முன் இருந்தவரின் திருப்பணிக் கல்லைப் பெயர்த்துவிட்டுத் தம் பெயரைப் பதிக்க எண்ணுவோர் எழினியின் உருவத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். பெண்மக்களுக்குப் பொறுப்பு எதற்கு என்று கேட்போர் குந்தவையாரையும், சாமுண்டப்பையையும், பொன்னூர் நல்லாத்தாளையும் திருமலைக் கல்லிலேயே காணலாம்.

அடுத்த முறை திருமலைக்குச் செல்லும் அன்பர்கள், பகவானை வணங்கி இறங்கும்போது அக்கல்வெட்டுகளின் முன்னும் சிறிது நேரம் பிள்ளைகளுடன் நிற்பார்களாக. கங்கை வரை சென்ற படையைப் பற்றிச் சொல்லுங்கள். அந்தப் படையின் பெயரைக் காவலாகக் கொண்டு எரிந்த ஒரு சிறிய விளக்கையும் சொல்லுங்கள். படை சென்ற வழி இன்று புல் மூடிக் கிடக்கின்றது. விளக்கு எரிந்த இடத்தில் நாம் இன்றும் கைகூப்பி நிற்கின்றோம்.

அறம் வளர்க! அருகன் அடி வாழ்க!